முதல் பண்டிகை: காஞ்சியில் இரு வீடுகள் உறவாகும் நாள்

திருமணம் முடிந்து வரும் முதல் தீபாவளியைப் புதுமணத் தம்பதி பெண்ணின் தாய்வீட்டில் கொண்டாடுவது தலை தீபாவளி. மாமனார் நேரில் அழைக்க, மாப்பிள்ளை முதல் நாளே மனைவியோடு வந்து தங்குகிறார். விடிவதற்கு முன் அந்த வீட்டார் தலையில் வைக்கும் எண்ணெயில் குளித்து, அவர்கள் எடுத்துக் கொடுத்த புதுத்துணியை உடுத்தி, அவர்களோடு ஒரே பந்தியில் உண்கிறார். தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பங்களில் இதே முறை தலை கிறிஸ்துமஸ் என்று நடக்கிறது. கடல் கடந்து மணம் முடித்தவர்களுக்கு, துணைவரின் பெற்றோர் வீட்டில் அயல்நாட்டுக் குளிரில் வரும் முதல் கிறிஸ்துமஸும் இதே வரிசையில் சேரும். மூன்றிலும் நடப்பது ஒன்றுதான்: திருமணத்தால் சட்டப்படி உறவான ஒருவர், பண்டிகையால் அந்த வீட்டு மனிதர் ஆகிறார்.

காஞ்சிபுரத்துக்கு இந்தப் பண்டிகையில் இரட்டைப் பங்கு உண்டு. ஆயிரம் கோயில்களின் ஊர் என்று பெயர் பெற்ற நகரம், புதுமணத் தம்பதிகள் முதலில் வந்து வணங்கும் ஊர்களில் ஒன்று. தமிழ்நாடு முழுவதும் முகூர்த்தத்துக்கும் தலை தீபாவளிக்கும் எடுக்கும் பட்டு நெய்யப்படுவதும் இங்கேதான்.

முதல் ஆண்டின் வரிசை

தலை தீபாவளி தனியாக நிற்பதில்லை. திருமணமான முதல் ஆண்டு முழுவதும் இரு வீடுகளுக்கும் இடையே போக்குவரத்து இருக்கும்படி பண்டிகைகள் அமைந்துள்ளன. வைகாசியிலோ ஆனியிலோ திருமணம் நடந்தால் முதலில் வருவது ஆடி. ஆடி பிறக்கும்போது பெண்ணைத் தாய்வீட்டார் அழைத்து வருகிறார்கள். மாப்பிள்ளைக்கு விருந்து வைத்துத் துணிமணி கொடுத்து அனுப்புகிறார்கள். ஆடியில் கரு தங்கினால் குழந்தை சித்திரை வெயிலில் பிறக்கும் என்பது பெண்ணைத் தாய்வீட்டில் இருத்துவதற்குப் பெரியவர்கள் சொல்லும் காரணம். ஆடிப் பதினெட்டில் புதுப்பெண்ணுக்குத் தாலிக்கயிறு மாற்றிக் கட்டுவதும் பல குடும்பங்களில் உண்டு.

ஐப்பசியில் தீபாவளி. கார்த்திகையில் பெண்ணுக்கு அகல்விளக்கும் பொரியும் பாத்திரங்களுமாகச் சீர் போகிறது. தை பிறந்தால் தலைப் பொங்கல். அதற்குப் புதுப்பானை, பச்சரிசி, வெல்லம், கரும்பு, மஞ்சள் கொத்து, வாழைப்பழத் தார், புதுத்துணி ஆகியவற்றோடு பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குச் செல்கிறார்கள். தீபாவளிக்கு மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருகிறார். பொங்கலுக்குப் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டுக்குப் போகிறார்கள். ஓராண்டு முடிவதற்குள் இரு வீட்டாரும் மற்றவர் வீட்டு அடுப்பங்கரை வரை பழகிவிடுவார்கள். முன்பின் அறியாத குடும்பங்களுக்கு இடையே பேசி முடித்த திருமணங்களே பெரும்பான்மையாக இருந்த காலத்தில், மணமக்களே ஒருவரையொருவர் அறிந்துகொள்ளவும் இந்த வரிசைதான் வாய்ப்பாக இருந்தது.

காஞ்சியில் தீபாவளி இல்லாத வீடுகளும் இருக்கின்றன. அண்ணா 1909இல் பிறந்த நெசவாளர் ஊர் இது. சுயமரியாதை இயக்கத்தில் ஊன்றிய குடும்பங்கள் நரகாசுரன் கதையை ஏற்பதில்லை. தீபாவளியைக் கொண்டாடுவதும் இல்லை. அந்த வீடுகளில் தலைப் பொங்கலுக்கே முதல் மரியாதை. புரோகிதர் இன்றி, மாலை மாற்றியோ மோதிரம் அணிவித்தோ தாலி கட்டியோ செய்துகொள்ளும் திருமணங்கள் செல்லும் என்று இந்துத் திருமணச் சட்டத்தில் 7அ பிரிவைச் சேர்த்த திருத்தம், 1967இல் அண்ணா முதலமைச்சராக இருந்தபோது வந்தது. சடங்கை விலக்கிய இக்குடும்பங்களும் முதல் பண்டிகையை விலக்கவில்லை. நாளை மட்டும் மாற்றிக்கொண்டன.

அழைப்பு

அழைப்பு நேரில் போக வேண்டும் என்பது எழுதாத விதி. தீபாவளிக்குச் சில வாரங்களுக்கு முன்பே பெண்ணின் பெற்றோர் வெற்றிலை பாக்கு, பழம், பூ, மஞ்சள் குங்குமம் வைத்த தட்டோடு சம்பந்தி வீட்டுக்குப் போகிறார்கள். மாப்பிள்ளையையும் பெண்ணையும் அனுப்பி வைக்கும்படி மாப்பிள்ளையின் பெற்றோரிடம் கேட்பதே முறை. வேலை நிமித்தம் மணமக்கள் வேறு ஊரில் இருந்தாலும், அழைப்பு முதலில் போவது பெரியவர்களிடம்தான். தொலைபேசியில் அழைத்தால் போதும் என்ற நிலைக்குப் பல குடும்பங்கள் வந்துவிட்டன. ஆனாலும் பெண்ணைப் பெற்றவர் வாசல்படி ஏறி வந்து கேட்பதில் இருக்கும் மதிப்பைச் சம்பந்திகள் நெடுநாள் நினைவில் வைத்திருக்கிறார்கள்.

தீபாவளி முடிந்து சில நாட்களில் திருமணம் நடந்தால் தலை தீபாவளிக்கு ஏறக்குறைய ஓராண்டு காத்திருக்க வேண்டும். இடையில் பங்காளி வீட்டில் இறப்பு நேர்ந்து தீட்டு வந்தால் அந்த ஆண்டு பண்டிகை இல்லை. அப்படித் தள்ளிப்போனால், அடுத்த ஆண்டு கைக்குழந்தையோடு தலை தீபாவளிக்கு வரும் தம்பதிகளும் உண்டு.

பட்டு

தலை தீபாவளிக்குப் பெண்ணுக்குப் பட்டுப்புடவை, மாப்பிள்ளைக்குப் பட்டு வேட்டி சட்டை என்பது வசதியுள்ள வீடுகளின் வழக்கம். முடியாதவர்கள் பருத்தியில் எடுக்கிறார்கள். காஞ்சிபுரத்தில் இந்தத் தேவை ஒரு தொழிற்பருவத்தையே உருவாக்கியிருக்கிறது. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் ஐப்பசிக்கு வேண்டிய சரக்குக்கு ஆடி, ஆவணியிலேயே தறி ஏறிவிடும்.

காரணம், காஞ்சிப் பட்டு அவசரத்துக்கு வராது. கர்நாடகத்திலிருந்து பெரும்பாலும் வரும் கச்சாப் பட்டை முறுக்கேற்றி, பசை போகக் காய்ச்சி, சாயம் தோய்த்து, இழை இழையாகப் பாவு ஓட்ட வேண்டும். பாவை விடியற்காலையில் தெருவில் நீட்டிக் கட்டிப் பதம் செய்யும் காட்சியை இந்த ஊரில் காணலாம். பிறகு அது குழித்தறியில் ஏறுகிறது. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்றால் அதற்குக் கோர்வை முறை. மூன்று நாடாக்கள் ஓடும். நெசவாளருக்கு எதிர்ப்பக்கக் கரையைத் தள்ளிக் கொடுக்க இன்னொருவர் வேண்டும். உடலும் கரையும் ஊடையில் ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால், துணி நைந்த பிறகும் அந்த இணைப்பு விடுவதில்லை என்று நெசவாளர்கள் பெருமையோடு சொல்வார்கள். முந்தானை வேறு நிறமானால் அங்கே பாவு இழை ஒவ்வொன்றையும் புது நிற இழையோடு இணைக்க வேண்டும். அந்த வேலைக்குப் பிட்னி என்று பெயர். கரையில் கோபுரம், தாழம்பூ, ருத்ராட்சம், உடலில் மயில், அன்னம், யாளி, மாங்காய் என்று ஊரின் கோயில் தூண்களில் இருப்பவை புடவையிலும் இருக்கின்றன. வேலைப்பாட்டைப் பொறுத்து ஒரு புடவைக்குப் பத்து நாளும் ஆகும், ஒரு மாதத்துக்கு மேலும் ஆகும்.

காஞ்சிபுரம் பட்டுக்கு 2005-06ஆம் ஆண்டில் புவிசார் குறியீடு கிடைத்தது. ஜரிகையுடன் கூடிய இத்தகைய புடவைகளைக் கைத்தறிக்கே ஒதுக்கி வைத்திருப்பது 1985ஆம் ஆண்டின் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம். ஆனாலும் விசைத்தறிப் புடவைகளும் போலி ஜரிகையும் காஞ்சிப் பட்டு என்ற பெயரில் விற்கின்றன. பட்டிழையின் மேல் வெள்ளிக் கம்பியைச் சுற்றிப் பொன்முலாம் பூசியதுதான் உண்மையான ஜரிகை. வாங்குபவருக்கு வெறும் கண்ணால் வேறுபாடு தெரியாது. அறிஞர் அண்ணா, காமாட்சியம்மன், முருகன் பெயர்களில் இயங்கும் பட்டுக் கூட்டுறவுச் சங்கங்களிலும், 1935இல் தொடங்கிய கோ-ஆப்டெக்ஸ் கடைகளிலும் வாங்கினால் ஏமாற்றத்துக்கு இடமில்லை. கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கு தறிக்குப் போகிறது என்ற நிறைவும் கிடைக்கும். சங்கங்கள் உறுப்பினர்களுக்குத் தீபாவளிக்கு முன் கொடுக்கும் போனஸில்தான் நெசவாளர் வீட்டுத் தலை தீபாவளிகள் நடக்கின்றன.

ஊருக்கெல்லாம் முகூர்த்தப் பட்டு நெய்தவர் தம் மகளுக்கு ஒன்று எடுக்க முடியாத காலம் இருந்தது. அந்தத் துயரத்தையே பிரியதர்ஷன் 'காஞ்சிவரம்' படமாக எடுத்தார். மகளுக்குப் பட்டுப் புடவை தருவேன் என்று வாக்குக் கொடுக்கும் நெசவாளராக நடித்த பிரகாஷ்ராஜுக்குத் தேசிய விருது கிடைத்தது. கூட்டுறவு வந்த பின் நிலை மாறியது. ஆனால் நெசவில் கிடைக்கும் கூலி வேறு வேலைகளின் சம்பளத்துக்கு ஈடாக இல்லாததால், நெசவாளர் பிள்ளைகள் ஸ்ரீபெரும்புதூர் தொழிற்சாலைகளுக்கும் சென்னை அலுவலகங்களுக்கும் போய்விட்டார்கள். தலை தீபாவளிக்குப் பட்டு எடுக்கும் ஒவ்வொரு குடும்பமும் அதை உண்மையான கைத்தறியாக எடுப்பது, இந்தத் தொழில் இன்னொரு தலைமுறைக்கு நீடிப்பதற்கான மிக எளிய உதவி.

விடியற்காலை

நரக சதுர்த்தசி விடியலில் எண்ணெய்க் குளியலே பண்டிகையின் தொடக்கம். முதல் நாள் மாலையே தவலையைத் துலக்கி, மஞ்சள் குங்குமம் இட்டு, நீர் நிரப்பி வைக்கிறார்கள். விடியலில் கோலமிட்ட இடத்தில் மணை போட்டு, மணமக்களைக் கிழக்கு நோக்கி உட்கார வைக்கிறார்கள். வீட்டில் மூத்த சுமங்கலி நல்லெண்ணெயைத் தலையில் வைத்து வாழ்த்துகிறார். சில சமூகங்களில் நலங்கு இடுவதும் ஆரத்தி எடுப்பதும் சேர்ந்துகொள்ளும். பிறகு சீயக்காய், வெந்நீர். குளித்து வருபவரை எதிர்கொள்ளும் கேள்வி, கங்கா ஸ்நானம் ஆச்சா என்பது.

அடுத்தது தீபாவளி லேகியம். சுக்கு, மிளகு, திப்பிலி, ஓமம் இவற்றைப் பொடித்து, வெல்லப்பாகில் நெய்யும் நல்லெண்ணெயும் தேனும் விட்டுக் கிளறியது. நாள் முழுவதும் வயிற்றுக்குள் போகப்போகும் பலகாரத்துக்கு முன்னேற்பாடு இது. எல்லோருக்கும் முன்பாக மாப்பிள்ளை கையில் ஓர் உருண்டை வைக்கப்படும். பிறகு, ஓரத்தில் மஞ்சள் தடவிச் சாமி முன் வைத்திருந்த புதுத்துணியை மாமனார் எடுத்துக் கொடுக்கிறார். உடுத்தி வந்து தம்பதி பெரியவர்கள் காலில் விழுந்து ஆசி பெறுகிறார்கள். மாப்பிள்ளைக்கு மோதிரமோ சங்கிலியோ அணிவிப்பதும் இந்த நேரத்தில்தான்.

வாசலில் முதல் வெடியை மாப்பிள்ளை கொளுத்த வேண்டும் என்பது மைத்துனர்களின் உரிமைக் குரல். உச்ச நீதிமன்றம் 2018இல் பட்டாசுக்கு இரண்டு மணி நேரம் மட்டும் அனுமதித்ததை அடுத்து, தமிழ்நாடு அரசு காலை 6 முதல் 7 வரை, இரவு 7 முதல் 8 வரை என்று நேரத்தைப் பிரித்துக் கொடுத்தது. அதனால் எண்ணெய், குளியல், லேகியம், துணி எல்லாம் ஆறு மணிக்குள் முடிகின்றன. மாப்பிள்ளையைக் கேலி செய்ய மைத்துனர்களுக்கும் மைத்துனிகளுக்கும் முழு அனுமதி உள்ள நாள் இது. அந்தக் கேலிக்கு ஒரு பயன் உண்டு: மரியாதைக்காகத் தள்ளி நிற்கும் புதியவரின் கூச்சம் அதில்தான் கரைகிறது.

விருந்து

பலகார வேலை ஒரு வாரத்துக்கு முன்பே தொடங்கிவிடும். அதிரசத்துக்கு மாவு புளிக்க வேண்டும். முறுக்கும் தட்டையும் முன்கூட்டியே சுட்டு டின்னில் அடைக்கப்படும். அசைவம் உண்ணும் வீடுகளில் தீபாவளிக் காலை என்றால் இட்லியும் ஆட்டுக்கறிக் குழம்பும். சைவ வீடுகளில் இட்லி, வடை, பஜ்ஜி, இனிப்பு. மாப்பிள்ளைக்கு எது பிடிக்கும், எது ஆகாது என்பதைப் பெண்ணிடம் முன்பே விசாரித்துச் சமைப்பது மாமியாரின் கவனம். மருந்து மாத்திரை உட்கொள்பவரா, காரம் குறைவாக வேண்டுமா என்பதெல்லாம் அந்த விசாரணையில் அடங்கும்.

காஞ்சிக்கென்று தனிச் சுவை குடலை இட்லி. வரதராஜப் பெருமாள் கோயில் பிரசாதமான இது, மிளகும் சீரகமும் சுக்கும் நெய்யும் சேர்ந்த மாவை மந்தாரை இலை பரப்பிய மூங்கில் குடலையில் ஊற்றி நெடுநேரம் வேகவைப்பது. வெளியூர் மாப்பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை சாப்பிட வைப்பதில் ஊர்க்காரர்களுக்குத் தனி மகிழ்ச்சி.

நோன்பு

தொண்டை மண்டலத்தில் தலை தீபாவளியோடு கேதார கௌரி நோன்பும் சேர்ந்து வருகிறது. சிவனின் உடலில் பாதியைப் பெற கௌரி 21 நாள் நோற்ற விரதம் என்பது இதன் கதை. ஐப்பசி அமாவாசையன்று 21 அதிரசம், 21 வெற்றிலை, 21 பாக்கு, மஞ்சள் வைத்துப் படைத்து, நோன்புக் கயிறு கட்டிக்கொள்கிறார்கள். எல்லாக் குடும்பங்களுக்கும் இந்த நோன்பு கிடையாது. வழிவழியாக எடுத்து வருபவர்களுக்கு மட்டுமே. மாமியார் வீட்டில் நோன்பு இருந்தால், புது மருமகள் அதை அந்த வீட்டில்தான் ஏற்க வேண்டும்.

இங்கே ஒரு நெருக்கடி உண்டு. தலை தீபாவளிக்குத் தாய்வீடு, நோன்புக்குப் புகுந்த வீடு. இரண்டும் ஒரே நாளில் விழும் ஆண்டில், காலையில் தாய்வீட்டில் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு மாலைக்குள் புகுந்த வீட்டுக்குப் புறப்பட வேண்டியிருக்கும். 2024இல் தீபாவளி அக்டோபர் 31. அமாவாசை மறுநாள் மாலை வரை நீடித்தது. அப்படிப்பட்ட ஆண்டில் முதல் நாள் இங்கே, மறுநாள் அங்கே என்று இரண்டும் நிறைவாக நடக்கும். கறிக்குழம்பும் விரதமும் மோதாமல் இருக்கவும் இந்த இடைவெளி உதவுகிறது.

கோயில்

மாலையிலோ மறுநாளிலோ தம்பதியைக் கோயிலுக்கு அழைத்துப் போகிறார்கள். முதலில் காமாட்சி. காஞ்சியின் சிவன் கோயில்களில் அம்மனுக்குத் தனிச் சன்னிதி இல்லை. ஊருக்கெல்லாம் அம்மன் காமாட்சி ஒருத்தியே. ஏகாம்பரநாதர் கோயில் மாமரத்தடி, மணலால் லிங்கம் பிடித்து வழிபட்ட அம்பிகையைச் சிவன் மணந்த இடம் என்று தலபுராணம் சொல்கிறது; பங்குனி உத்திரத்தில் அந்தத் திருக்கல்யாணம் நடக்கும்போது, அதே வேளையில் அங்கே மணம் முடிக்கும் இணைகளும் உண்டு. வரதராஜர் கோயிலில் பொன், வெள்ளிப் பல்லிகளைத் தொட்டு வணங்குவது வெளியூர் மாப்பிள்ளைகள் எதிர்பார்த்து வரும் ஒன்று. பெண் வளர்ந்த தெருவையும் படித்த பள்ளியையும் பார்த்துவிட்டு வருவதும் இந்தப் பயணத்தில்தான் நடக்கிறது.

தலை கிறிஸ்துமஸ்

காஞ்சியில் கிறிஸ்தவக் குடும்பங்களும் இருக்கின்றன. சென்னைக்கு 1837இல் வந்த ஸ்காட்லாந்து மிஷனரி ஜான் ஆண்டர்சனின் பெயரைத் தாங்கிய பள்ளி காஞ்சிபுரத்தில் இன்றும் நடக்கிறது. கத்தோலிக்கர்கள் 2002இல் உருவான செங்கல்பட்டு மறைமாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். சீர்திருத்தச் சபையினரில் பெரும் பகுதியினர் 1947இல் உருவான தென்னிந்தியத் திருச்சபையில் இருக்கிறார்கள்.

இக்குடும்பங்களில் தலை கிறிஸ்துமஸுக்கும் அழைப்பு, வருகை, புதுத்துணி, விருந்து என்ற வரிசை அப்படியே இருக்கிறது. எண்ணெய்க் குளியலின் இடத்தில் நள்ளிரவு ஆராதனை. டிசம்பர் தொடங்கியதும் வாசலில் நட்சத்திர விளக்கு தொங்கும். கீதம் பாடுபவர்கள் இரவில் வீடு வீடாக வருவார்கள். குழந்தைகள் குடில் கட்டுவார்கள். 24ஆம் தேதி இரவு மாப்பிள்ளை மாமனார் குடும்பத்தோடு ஆலயத்துக்குப் போகிறார். சபையில் இருப்பவர்களுக்கு அவரை அறிமுகப்படுத்துவது அன்றுதான். திரும்பி வந்து கேக் வெட்டி, விடிந்ததும் அக்கம்பக்கத்து வீடுகளுக்கு கேக்கும் அதிரசமும் அச்சு முறுக்கும் கொண்டுபோய்க் கொடுக்கிறார்கள். மதியம் பிரியாணி. இந்து அண்டை வீட்டார் தீபாவளிக்கு அனுப்பிய தட்டு, கிறிஸ்துமஸுக்கு நிறைந்து திரும்புவது இந்தத் தெருக்களின் நெடுநாள் பழக்கம்.

கடல் கடந்த வீடு

காஞ்சியிலிருந்து படிப்புக்கும் வேலைக்கும் வெளிநாடு போனவர்களில் அங்கேயே துணை தேடிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள். இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டமும், வெளிநாட்டில் இந்தியத் தூதரகங்கள் வழியாக 1969ஆம் ஆண்டின் அயல்நாட்டுத் திருமணச் சட்டமும் இத்தகைய மணங்களுக்கு வழி செய்கின்றன. இவர்களுக்கு முதல் பண்டிகை பெரும்பாலும் துணைவரின் பெற்றோர் வீட்டுக் கிறிஸ்துமஸாக அமைகிறது. அங்கே முறைகள் நாட்டுக்கு நாடு வேறு.

ஜெர்மனியில் 24ஆம் தேதி மாலைதான் முக்கியம். பிற்பகலிலேயே கடைகள் மூடிவிடும். மரத்தடியில் வைத்த பரிசுகளை அன்று மாலையே பிரிப்பார்கள். அன்று இரவு உருளைக்கிழங்கு சாலடும் சாசேஜும் என்று எளிய உணவு. வாத்துக் கறி விருந்து மறுநாள். 25, 26 இரண்டும் விடுமுறை. இங்கிலாந்தில் பரிசு 25ஆம் தேதி காலையில். மதிய விருந்தில் வான்கோழி, வறுத்த உருளைக்கிழங்கு, புடிங். மேசையில் இழுத்து உடைக்கும் கிராக்கரில் இருக்கும் காகிதக் கிரீடத்தைப் பெரியவர்களும் தலையில் வைத்துக்கொள்வார்கள். மூன்று மணிக்குத் தொலைக்காட்சியில் மன்னர் உரை. அன்று ரயில் ஓடாது என்பதால் முதல் நாளே போய்ச் சேர வேண்டும். டென்மார்க்கில் மரத்தைச் சுற்றிக் கைகோத்துப் பாடுவார்கள். அரிசிப் பாயசம் போன்ற இனிப்பில் மறைத்து வைத்த முழு பாதாம் யாருக்குக் கிடைக்கிறதோ அவருக்குப் பரிசு.

தமிழ் மனத்துக்கு மிக நெருக்கமாகத் தோன்றக்கூடியது போலந்து. 24ஆம் தேதி வானில் முதல் நட்சத்திரம் தெரிந்த பிறகே உணவு. மேசை விரிப்பின் கீழ் வைக்கோல். இறைச்சி கிடையாது, மீன் உட்படப் பன்னிரண்டு வகைப் பதார்த்தங்கள். உண்பதற்கு முன் மெல்லிய அப்பத்தை ஒருவர் கையிலிருந்து ஒருவர் பிட்டு வாழ்த்திக்கொள்வார்கள். எதிர்பாராமல் வரும் விருந்தினருக்கென்று ஒரு தட்டு எப்போதும் கூடுதலாக வைத்திருப்பார்கள். விருந்தோம்பலை அறமாகப் படித்து வளர்ந்த பெண்ணோ பிள்ளையோ அந்தத் தட்டின் பொருளை யாரும் சொல்லாமலே உணர்ந்துகொள்வார்.

முதல் முறை போகிறவர் முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியவை சில. பரிசு யார் யாருக்கு, எவ்வளவுக்குள், எந்த நாளில் பிரிப்பது, ஆலயத்துக்குப் போகும் வழக்கம் உண்டா, என்ன உடுத்துவது, சமையலில் உதவலாமா. சைவ உணவு உண்பவர் அதை முன்கூட்டியே தெரிவிப்பதும், தானும் ஒரு பதார்த்தம் செய்து தருவதாகச் சொல்வதும் அந்த வீட்டாருக்குச் சுமையைக் குறைக்கும். அங்கே மாமனார் மாமியாரைப் பெயர் சொல்லி அழைப்பது பல நாடுகளில் இயல்பு; தயங்குபவர் எப்படி அழைப்பது என்று கேட்பதே நல்லது. காஞ்சியிலிருந்து கொண்டுபோகும் பரிசில், புடவையாகக் கட்டத் தெரியாதவர்களுக்குப் பட்டு அங்கவஸ்திரமோ கழுத்துத் துண்டோ பயன்படும்.

எதிர்த் திசையிலும் இதே கடமை உண்டு. அயல்நாட்டு மாப்பிள்ளையோ மருமகளோ தலை தீபாவளிக்குக் காஞ்சிக்கு வந்தால், விடியலில் எழ வேண்டும், தலையில் எண்ணெய் வைப்பார்கள், வெடிச்சத்தம் கடுமையாக இருக்கும், பெரியவர்கள் காலில் விழுவது எதற்கு என்பதையெல்லாம் முதல் நாளே சொல்லிவிட வேண்டும். விருப்பமில்லாத சடங்கில் நிற்க வைத்துப் படம் எடுப்பதைவிட, புரிந்தவற்றில் மனமாரப் பங்கேற்க விடுவது மேல்.

தீபாவளிக்கு ஊர் வர முடியாதவர்களுக்குச் சிங்கப்பூரிலும் மலேசியாவின் பெரும்பாலான மாநிலங்களிலும் அது பொது விடுமுறை. அமெரிக்காவில் பென்சில்வேனியா 2024இல் தீபாவளியை மாநில விடுமுறைப் பட்டியலில் சேர்த்தது. ஐரோப்பாவில் அது பெரும்பாலும் வேலை நாளாகவே கழிவதால், தம்பதிகள் வார இறுதியில் கொண்டாடுகிறார்கள். பெண்ணின் பெற்றோர் காணொளி அழைப்பில் இருந்தபடி வாழ்த்த, உள்ளூரில் இருக்கும் உறவினரோ நண்பரோ தலையில் எண்ணெய் வைக்கிறார்.

சீரும் செலவும்

தலை தீபாவளியின் மறுபக்கம் கடன். திருமணச் செலவு தீரும் முன்பே ஆடி, தீபாவளி, பொங்கல் என்று வரிசையாக வரும் சீர், பெண்ணைப் பெற்றவர்களைத் திணற வைக்கிறது. மாப்பிள்ளைக்கு மோதிரம், சம்பந்தி வீட்டில் எல்லோருக்கும் துணி என்று எதிர்பார்ப்பு வளர்ந்தால், மகிழ்ச்சிக்கான நாள் மகளுக்கு அச்சம் தரும் நாளாகிறது. முதல் பண்டிகையில் வந்த குறையை ஆண்டுக்கணக்கில் சொல்லிக் காட்டும் வீடுகள் இன்றும் இருப்பது வருந்தத்தக்கது.

சட்டம் இங்கே தெளிவான கோடு போடுகிறது. 1961ஆம் ஆண்டின் வரதட்சணைத் தடைச் சட்டம், திருமணத்துக்கு முன்னோ பின்னோ எப்போது கொடுத்தாலும், திருமணத்தை முன்னிட்டுக் கொடுப்பதை வரதட்சணை என்கிறது. பல சமூகங்களில் வழக்கமாக உள்ள சடங்குகளுக்கான அன்பளிப்பு அதில் சேராது என்று உச்ச நீதிமன்றம் சத்வீர் சிங் வழக்கில் 2001இல் கூறியது. ஆனால் பொருள் கேட்டு மனைவியைத் துன்புறுத்தினால் அது கொடுமைக் குற்றம். 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவின் 85, 86ஆம் பிரிவுகள் அதற்குப் பொருந்துகின்றன. வழக்கமான அன்பளிப்பை விரும்பிக் கொடுக்கலாம், கேட்டு வாங்குவது குற்றம் என்பதே இதன் சாரம்.

குடும்பங்கள் தாமாகவே செய்யும் மாற்றங்கள் நம்பிக்கை அளிக்கின்றன. மோதிரம் வேண்டாம் என்று மாப்பிள்ளையே முன்கூட்டிச் சொல்லிவிடுவது. மாமனார் மாமியாருக்குத் தம்பதியே துணி எடுத்து வருவது. சம்பந்திகளையும் அழைத்து இரு வீட்டாரும் ஒன்றாகக் கொண்டாடிச் செலவைப் பகிர்வது. தனியாக இருக்கும் தாயின் வீட்டில் பண்டிகை வேலைகளை மாப்பிள்ளையே முன்னின்று செய்வது. இவை எதனாலும் தலை தீபாவளி குறைந்துபோகவில்லை. நேரில் வந்து அழைத்தல், தலையில் ஒரு கை எண்ணெய், உடுத்த ஒரு புதுத்துணி, பந்தியில் ஓர் இடம், பெரியவர்களின் வாழ்த்து ஆகியவையே இந்தப் பண்டிகைக்குக் கட்டாயமானவை. காஞ்சியின் ஓட்டு வீட்டிலும் இவை இயலும்; குளிர்நாட்டுக் கிறிஸ்துமஸ் மேசையிலும் இவற்றுக்கு ஈடானவை இருக்கின்றன. மற்றவை வசதிக்கும் விருப்பத்துக்கும் உட்பட்டவை. இந்த வேறுபாட்டை இரு வீட்டாரும் திருமணப் பேச்சின்போதே தெளிவாக்கிக்கொண்டால், முதல் பண்டிகை அது எதற்காக ஏற்பட்டதோ அந்த வேலையைச் செய்யும்.